முக்கோணம் தேட ஒரு வெட்டு போதும்

‘அட்வென்ட் ஆஃப் கோட்’ என்ற புதிர்த் தொடரை எரிக் வாஸ்டல் 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் நடத்திவருகிறார். 2024-இல் 23-ஆம் நாளுக்கு வந்த புதிரின் பெயர் ‘லேன் பார்ட்டி’. கடைசி வாரத்துப் புதிர்கள் பெரும்பாலும் மண்டையைக் காயவைக்கும். இது அப்படியில்லை. கிராஃப் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அமைப்பு) என்றால் என்னவென்று இப்போதுதான் படிக்கத் தொடங்கியவருக்கு முதல் கணக்காக இதைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஹாஷ் செட்டை (ஒரே உறுப்பை இருமுறை வைக்காத, ஓர் உறுப்பு உள்ளே இருக்கிறதா என்று சட்டென்று சொல்லும் தொகுப்பு) சரியாகப் பிடித்துக்கொண்டால் முதல் பகுதி பத்து வரியில் முடிந்துவிடும். தவறாகப் பிடித்தால் நிரல் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் தப்பான எண்ணைத் தரும். அந்தத் தப்பு எங்கெங்கே நுழைகிறது என்பதற்குத்தான் இந்தப் பதிவில் அதிக இடம்.

கேள்வி இதுதான். ஒவ்வொரு வரியிலும் இரண்டு கணினிகளின் பெயர் இருக்கும். ஒவ்வொரு பெயரும் இரண்டே எழுத்து, நடுவில் ஒரு சிறுகோடு. அந்த இரண்டும் நேரடியாக இணைக்கப்பட்டவை என்று பொருள். இணைப்புக்குத் திசை கிடையாது. முதல் பகுதியில், ஒன்றோடொன்று இணைந்த மூன்று கணினிகள் கொண்ட குழுக்களைத் தேடி, அவற்றில் ஒரு கணினியின் பெயராவது ‘டீ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் குழுக்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். இரண்டாம் பகுதியில், எல்லாரும் எல்லாரோடும் இணைந்திருக்கும் ஆகப்பெரிய குழுவைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளீட்டில் 3380 வரி, 520 கணினி. ஒவ்வொன்றுக்கும் சரியாக 13 இணைப்பு.

தங்கள் உள்ளீட்டை யாரும் பொதுவில் போட வேண்டாம் என்பது அந்தத் தளத்தின் வேண்டுகோள். ஆகவே இங்கே கையால் சரிபார்க்கக்கூடிய ஒரு சின்ன கிராஃப். ‘டீ’ எழுத்தின் இடத்தில் ‘த’ இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தக-கம
தக-மத
கம-மத
பல-தக
பல-கம
பல-மத
தப-தக
தப-பல
வர-தப
வர-பல

ஆறு கணினி, பத்து இணைப்பு. தாளில் ஆறு புள்ளி வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். மொத்தம் ஆறு முக்கோணம் கிடைக்கும். அதில் ‘த’-வில் தொடங்கும் பெயர் உள்ளவை ஐந்து. இந்த 5 என்ற விடையை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பலருக்கும் முதலில் தோன்றும் வழி மூன்று அடுக்கு லூப். 520 கணினிகளிலிருந்து மூன்று மூன்றாக எடுத்தால் 2,32,99,640 கூட்டு வரும். ஒவ்வொரு கூட்டுக்கும் ‘இந்த இணைப்பு உண்டா’ என்று மூன்று முறை வரை கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை 3380 வரி கொண்ட லிஸ்ட்டில் மேலிருந்து கீழாகத் தேடிப் பதில் சொல்ல வைத்தால், நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இணைப்புகளை ஒரே செட்டில் போட்டு வைத்தால் அந்த இரண்டு கோடிச் சொச்சம் கேள்விகளும் ஓரளவு வேகமாகத் தீரும். விடையும் சரியாகவே வரும். ஆனால் கேள்வியே தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறது. ஒரு கணினிக்கு 13 இணைப்புதான் இருக்கிறது. மிச்சம் 506 பேரோடு அதைச் சேர்த்துப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

அதனால் முதல் வேலை, ஒவ்வொரு கணினிக்கும் அதன் அண்டைக் கணினிகளை ஒரு செட்டாக வைப்பது.

ஒவ்வொரு வரிக்கும்:
    வரியின் ஓரங்களிலுள்ள வெற்றிடத்தை நீக்கு
    சிறுகோட்டில் பிரித்து அ, ஆ என்று எடு
    அண்டை[அ] செட்டில் ஆ-வைச் சேர்
    அண்டை[ஆ] செட்டில் அ-வைச் சேர்

நான்கு வரிதான். நான்கிலும் வழுக்கி விழ இடம் இருக்கிறது. வெற்றிடத்தை நீக்காவிட்டால் வரி முடிவுக் குறி பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ‘மத’ ஒரு கணினி, ‘மத’-வும் வரி முடிவும் சேர்ந்தது இன்னொரு கணினி என்று ஹாஷ் செட் எடுத்துக்கொள்ளும். திரையில் அச்சிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் பிடிபடாது. கடைசி வரியை மறந்தால் கிராஃப் ஒருவழிப் பாதையாகிவிடும். சில முக்கோணங்கள் காணாமல் போகக்கூடும்.

பைத்தானில் மூன்றாவது வரியில் ஒரு தனிப் பள்ளம் உண்டு. புதிய பெயர் வரும்போது ஆ-வை மட்டும் கொண்ட செட்டை உருவாக்க நினைத்து, செட் என்ற செயல்கூறுக்குள் நேரடியாகப் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். அது சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரித்துவிடும். ‘மத’ என்ற ஒரு உறுப்புக்குப் பதிலாக ‘ம’, ‘த’ என்று இரண்டு உறுப்பு உள்ளே போகும். ஆட் என்பதற்குப் பதில் அப்டேட் என்று எழுதினாலும் இதே கதிதான். தமிழ்ச் சரம் என்றால் இன்னும் விநோதம்: ‘தி’ என்பது யூனிகோடில் ‘த’ ஒரு குறி, இகரக் கொக்கி ஒரு குறி. எனவே அந்த ஓர் எழுத்தே இரண்டு உறுப்பாகும். வெற்றுச் செட் வேண்டுமென்று வெறும் நெளிவு அடைப்பைப் போட்டால் கிடைப்பது டிக்‌ஷனரி. அதுவாவது உடனே பிழை காட்டி நிற்கும் என்பதால் பயமில்லை.

கட்டி முடித்ததும் இரண்டு எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். கணினிகளின் எண்ணிக்கை 520-ஆ? எல்லா அண்டைச் செட்டுகளின் அளவையும் கூட்டினால் 6760, அதாவது வரிகளின் எண்ணிக்கையைப்போல இரண்டு மடங்கு வருகிறதா? நம் சின்ன கிராஃபில் தக 4, தப 3, கம 3, மத 3, பல 5, வர 2, கூட்டினால் 20. பத்து வரிக்கு அது சரி. மேலே சொன்ன பிழைகளில் அநேகமாக எல்லாமே இந்த இரண்டு எண்ணில் மாட்டிக்கொள்ளும்.

இனி முக்கோணம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் கணங்களின் வெட்டு என்று படித்தோமே, அதுவேதான். ‘பல’வும் ‘தக’வும் இணைந்திருக்கின்றன. இருவருக்கும் பொதுவான அண்டை யார் என்று கேட்டால், பல-வின் அண்டைகள் தக, கம, மத, தப, வர. தக-வின் அண்டைகள் கம, மத, பல, தப. வெட்டினால் கம, மத, தப. அந்த மூவரில் ஒவ்வொருவரும் ஒரு முக்கோணத்தின் மூன்றாம் முனை. மூன்றாவது இணைப்பு உண்டா என்று தனியாகக் கேட்கும் வேலையே கிடையாது. வெட்டில் இருப்பதாலேயே இரண்டு இணைப்பும் உறுதியாகிவிட்டது.

முக்கோணங்கள் = வெற்றுச் செட்
ஒவ்வொரு இணைப்பு அ, ஆ-வுக்கும்:
    ஒவ்வொரு இ-க்கும், அண்டை[அ] & அண்டை[ஆ] வெட்டில்:
        மூன்று பெயரையும் வரிசைப்படுத்தி டியூப்பிளாக்கு (டியூப்பிள்: மாற்ற முடியாத பட்டியல்)
        முக்கோணங்கள் செட்டில் சேர்

செலவு எவ்வளவு? சிபைத்தான் (நாம் வழக்கமாக நிறுவும் பைத்தான்) வெட்டைக் கணக்கிடும்போது சிறிய செட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெரிய செட்டில் தேடும். இணைப்பு ஒன்றுக்கு 13 தேடல். 3380 இணைப்புக்கு 43,940 தேடல். இரண்டு கோடியே முப்பத்துமூன்று லட்சம் எங்கே, நாற்பத்துநாலாயிரம் எங்கே!

ஒரு தேடலில் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெயரிலிருந்து ஒரு பெரிய எண் கணக்கிடப்படுகிறது, அதுதான் ஹாஷ். சரத்துக்கு ஒருமுறை கணக்கிட்டால் பைத்தான் அதைச் சரத்தோடே சேமித்துக்கொள்ளும், மறுபடி கணக்கிடாது. செட் தன் உறுப்புகளை ஒரு பெட்டி வரிசையில் வைத்திருக்கிறது. தொடக்கத்தில் 8 பெட்டி. ஐந்தாவது உறுப்பு வரும்போது நெரிசலாகிவிட்டது என்று கருதி 32 பெட்டிக்கு மாறிக்கொள்ளும். 13 அண்டைகள் அந்த 32-க்குள் வசதியாக அடங்கும். ஹாஷ் எண்ணின் கடைசி ஐந்து பிட்டைப் பார்த்து அந்தப் பெட்டிக்கு நேரே போகும். பெட்டி காலியாக இருந்தால் ‘இல்லை’. ஆள் இருந்தால் முதலில் ஹாஷையும் பிறகு பெயரையும் ஒப்பிடும். பெயர் வேறாக இருந்தால் அடுத்தடுத்த பெட்டிகளைப் பார்க்கும். 64-பிட் கணினியில் இப்படி ஒரு செட் 728 பைட் எடுக்கும். 520 செட்டுக்கும் சேர்த்து நான்கு லட்சம் பைட்டுக்குக் கீழேதான் வரும்.

13 உறுப்பு என்றால் லிஸ்ட்டில் தேடினாலும் ஏழெட்டு ஒப்பீட்டில் முடிந்துவிடுமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அண்டைகளை லிஸ்ட்டில் வைத்தாலும் இந்தக் கணக்கு ஓடிவிடும். ஆனால் மேலே கடைசி வரியில் உள்ள ‘முக்கோணங்கள்’ என்ற செட்டை லிஸ்ட்டாக மாற்றி, ‘ஏற்கெனவே இல்லாவிட்டால் சேர்’ என்று எழுதிப் பாருங்கள். முக்கோணங்கள் ஆயிரக்கணக்கில் போகப்போக ஒவ்வொரு புதிய முக்கோணமும் பழையவை அத்தனையோடும் ஒப்பிடப்படும். வேகத்தில் செட்டின் உண்மையான லாபம் அங்கேதான்.

அந்தச் செட் ஏன் தேவை? ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று பக்கம் இருப்பதால் அது மூன்று முறை கிடைக்கும். நம் கிராஃபில் பத்து இணைப்புக்குமான வெட்டுகளின் அளவைக் கூட்டினால் 18 வரும். மூன்றால் வகுத்தால் 6. மொத்த எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் இப்படி வகுத்துவிட்டுப் போகலாம், செட்டே வேண்டாம். ஆனால் ‘த’ நிபந்தனை வந்ததும் வகுக்கும் வித்தை சறுக்குகிறது. வேலையைக் குறைக்கிறேன் என்று ‘த’-வில் தொடங்கும் கணினிகளிலிருந்து மட்டும் கிளம்புவார்கள். தக-விலிருந்து நான்கு முக்கோணம், தப-விலிருந்து இரண்டு, ஆக 6. சரியான விடை 5. தக, தப, பல என்ற முக்கோணத்தில் இரண்டு ‘த’ இருப்பதால் அது இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. சில முக்கோணம் ஒருமுறை, சில இருமுறை, சில மும்முறை வரும்போது எந்த எண்ணால் வகுப்பது? வழியில்லை. செட்டில் போட்டு எண்ணுவதுதான் எளிய நேர்வழி.

இதே இடத்தில் இன்னொரு பிழையும் உண்டு. பெயர் ‘த’-வில் தொடங்குகிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில் பெயருக்குள் ‘த’ இருக்கிறதா என்று கேட்டுவிடுவது. அப்போது கம, மத, பல என்ற முக்கோணமும் உள்ளே வந்துவிடும், ‘மத’-வின் இரண்டாம் எழுத்தால். விடை 6. கவனித்தீர்களா, முற்றிலும் வேறான இரண்டு பிழைகள் ஒரே 6-ஐத் தருகின்றன. எண்ணை மட்டும் பார்த்து எந்தப் பிழை என்று ஊகிக்க முடியாது. முக்கோணங்களை வரிசைப்படுத்தி அச்சிட்டுக் கையால் போட்ட பட்டியலோடு ஒப்பிடுவதுதான் வழி.

செட்டுக்குள் முக்கோணத்தை எந்த வடிவில் வைப்பது என்பதையும் யோசித்து முடிவு செய்ய வேண்டும். லிஸ்ட்டாகவோ சாதாரணச் செட்டாகவோ வைத்தால் பைத்தான் மறுக்கும். மாறக்கூடிய பொருளுக்கு ஹாஷ் கிடையாது. வரிசைப்படுத்தாத டியூப்பிளை ஏற்றுக்கொள்ளும், ஆனால் (தக, கம, மத) வேறு, (கம, தக, மத) வேறு என்று எண்ணும். மிச்சமிருப்பவை ஃப்ரோசன்செட்டும் (மாற்ற முடியாத செட்) வரிசைப்படுத்திய டியூப்பிளும். இரண்டும் சரியே. டியூப்பிளைத்தான் நான் பரிந்துரைப்பேன்: அச்சிட்டால் எப்போதும் ஒரே வரிசையில் தெரியும், ஒப்பிடுவது எளிது.

வேறு மொழியில் எழுதுபவர்களுக்கு: ஜாவாஸ்கிரிப்ட் செட் இரண்டு அணிகளை உள்ளடக்கம் பார்த்து ஒப்பிடாது, இரண்டும் தனித்தனிப் பொருள் என்றே கொள்ளும், பெயர்களை வரிசைப்படுத்திக் காற்புள்ளியால் ஒட்டி ஒரே சரமாக்கிவிடுங்கள். ஜாவாவில் செட்டுக்குள் செட் வைக்கலாம், ஆனால் உள்ளே வைத்தபின் அதை மாற்றினால் ஹாஷ் மாறி, பிறகு தேடினால் கிடைக்காது. சி++ மொழியின் ஹாஷ் செட்டுக்கு வெக்டரை ஹாஷ் செய்யத் தெரியாது; அங்கேயும் சரமாக்குவது சுலபம்.

ஆகப் பொல்லாத பிழையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இரண்டு செட்டின் வெட்டுக்கு & குறி. அது புதிதாக ஒரு செட்டைத் தரும், பழையவற்றைத் தொடாது. &= என்பது வேறு. அது இடப்பக்கம் இருக்கும் செட்டையே வெட்டிச் சுருக்கும். இப்படி எழுதியவர்கள் பலர்:

பொது = அண்டை[பல]
பொது &= அண்டை[தப]

முதல் வரி நகல் எடுக்கவில்லை. அண்டை[பல] என்ற அதே செட்டுக்கு இன்னொரு பெயர் வைத்தது, அவ்வளவே. இரண்டாம் வரி ஓடியதும் அண்டை[பல]-வில் தக, வர மட்டும் மிஞ்சும். கம, மத, தப மூன்றும் போயின. கிராஃபே சிதைந்துவிட்டது. இனி பல-கம இணைப்பு வரும்போது பொதுவாக மிஞ்சுவது தக மட்டும், மத வராது. பிழைச்செய்தி எதுவும் கிடையாது. உள்ளீட்டு வரிகளின் வரிசையை மாற்றினால் விடை மாறும். அப்படி மாறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சமக்குறியோடு சேர்ந்த இந்தக் குறிகளைத்தான். கிராஃபைக் கட்டி முடித்ததும் எல்லா அண்டைச் செட்டையும் ஃப்ரோசன்செட்டாக மாற்றி வைத்துவிட்டால் இந்தப் பிழையால் கிராஃபைத் தொடவே முடியாது. ஒரு வரிச் செலவு. தயங்காமல் செய்யுங்கள்.

இரண்டாம் பகுதியில் தேடுவதற்கு கிராஃப் படிப்பில் கிளிக் என்று பெயர். பொதுவாக எடுத்துக்கொண்டால் இது கடினமான கணக்கு. ரிச்சர்ட் கார்ப் 1972-இல் வெளியிட்ட 21 கடினக் கணக்குகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. ஆனால் ஆளுக்கு 13 அண்டை மட்டுமே உள்ள கிராஃபில் பயப்பட ஒன்றுமில்லை. கோன் பிரோன், யூப் கெர்போஷ் இருவரும் 1973-இல் தந்த வழியின் சாரம் முழுக்கச் செட் வெட்டுதான். கையில் ஒரு குழு, அதில் சேரத் தகுதியுள்ளவர்களின் செட் ஒன்று. தகுதியுள்ளவரில் ஒருவரைக் குழுவில் சேர்க்கும்போதெல்லாம் தகுதிச் செட்டை அவருடைய அண்டைச் செட்டோடு வெட்ட வேண்டும். கம-விலிருந்து தொடங்கினால் தகுதி: தக, மத, பல. தக சேர்ந்ததும் மத, பல. மத சேர்ந்ததும் பல மட்டும். அவரும் சேர்ந்ததும் வெற்று. நால்வர் குழு கிடைத்தது.

ஒருவரைச் சேர்த்து அந்தக் கிளையை முடித்துத் திரும்பியதும், அவரைத் தகுதிச் செட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். இதை விட்டால் அதே குழுவை எல்லா வரிசையிலும் திரும்பத் திரும்பக் கட்டும். 13 பேர் குழுவுக்கு வரிசைகள் 622 கோடியைத் தாண்டும். நீக்கினால் அந்தக் குழுவின் ஒவ்வோர் உட்கணமும் ஒருமுறைதான் வரும், அவை 8192. ஆனால் எந்தச் செட்டின் மேல் லூப் ஓடுகிறதோ அதிலிருந்தே நீக்கினால் ‘ஓடும்போது அளவு மாறிவிட்டது’ என்று பைத்தான் நிறுத்திவிடும். லூப்புக்கு ஒரு லிஸ்ட் நகலைக் கொடுத்துவிட்டு அசல் செட்டிலிருந்து நீக்குங்கள்.

இதையெல்லாம் விட்டு, ஒருவரை எடுத்து, முடிந்தவரை அண்டைகளைச் சேர்த்துக்கொண்டே போகும் பேராசை வழியையும் பலர் எழுதுகிறார்கள். தக-விலிருந்து தொடங்கி முதலில் கம வந்தால் நால்வர் கிடைப்பார்கள். முதலில் தப வந்தால் பல-வோடு சேர்த்து மூவரோடு நின்றுவிடும். செட்டில் யார் முதலில் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பைத்தான் 3.3 முதல் சரங்களின் ஹாஷ் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறாகும்படி வைத்திருக்கிறார்கள். ஒரே நிரல், ஒரே உள்ளீடு, காலையில் சரியான விடை, மாலையில் தவறான விடை. பைத்தான்ஹாஷ்சீட் என்ற சூழல் மாறிக்கு ஒரு நிலையான எண்ணைக் கொடுத்தால் ஆட்டம் நிற்கும். பிழை அப்படியே இருக்கும். அந்த மாறிக்கு வெவ்வேறு எண் கொடுத்து நாலைந்து முறை ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை.

இந்த உள்ளீட்டின் விடைக்குழுவில் 13 பேர். ஆளுக்கு 13 இணைப்பு என்பதால் குழுவுக்குள் 12, வெளியே 1. எனவே ஒவ்வொரு கணினிக்கும் அண்டைகளில் ஒருவரை விட்டுவிட்டு, மீதி 12 பேரும் தங்களுக்குள் இணைந்தவர்களா என்று கேட்டாலே குழு அகப்பட்டுவிடும். அதிகபட்சம் 6760 சோதனை. இந்த உள்ளீட்டுக்கு மட்டுமே பொருந்தும் குறுக்குவழி இது. மேலே உள்ள சின்ன கிராஃபில்கூட எல்லாக் கணினியிலிருந்தும் வேலை செய்யாது. விடையைப் பெட்டியில் இடும்முன் குழுவிலிருந்து எந்த இருவரை எடுத்தாலும் ஒருவர் மற்றவரின் அண்டைச் செட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். மொத்தம் 78 இணை. பிறகு அகர வரிசைப்படுத்தி, இடைவெளி விடாமல் காற்புள்ளியால் சேர்த்தால் சரியாக 38 குறிகள் வரும்.